முழுப் பேர்

மார்ச் 3
ரந்தாவ் முதியோர் இல்லத்தைப் புதுப்பிக்கும் வேலை முடிந்தது. அங்கே இருப்பவர்கள் மறதி நோய்க்காரர்கள், முக்கால்வாசிப் பேர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள். மற்ற டிசைனர்கள் ஆஸ்பத்திரிப் பச்சை அடித்துவிட்டுப் போவார்கள். நான் ஒவ்வொரு கதவிலும் பெரிய எழுத்தில் பேரும் படமும் வைத்தேன். கூடத்தில் தண்டவாளத் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டேன். தோட்டத்தில் விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு அடிப்பார்களே, அது. தேநீர் நேரத்துக்கு அடித்தால் பழைய ஞாபகம் வரும். இல்லத்தின் முதலாளி குணாளன் போட்டோவாக எடுத்துத் தள்ளினார்.

மார்ச் 6
பெருமைதான். மறைக்க என்ன இருக்கிறது.

மார்ச் 10
தாதி மோகனா மணி அடித்ததும் யாரும் தேநீருக்கு வரவில்லை. சுவரோரம் வரிசையில் நின்றார்கள். மயிலம்மாள் என்பவர் என் டேப்லட்டைப் பார்த்துக் கும்பிட்டார்.
"கிராணியம்மா, முழுப் பேரா, அரைப் பேரா?"
"முழுப் பேருதாம்மா. கதவுலயே போட்டிருக்கேன்."
சிரித்தார். நானும் சிரித்தேன். இன்ஸ்டாகிராமில் வேறு போட்டேன்.

மார்ச் 11
அம்மாவிடம் போனில் சொன்னேன். சிரிக்கவில்லை.
"அடியே, முழுப் பேருன்னா முழு நாள் சம்பளம்டி. லேட்டா வந்தா அரைப் பேரு. நோவுன்னு வீட்ல நின்னா பேரையே வெட்டிருவான், கணக்கு எழுதுற கிராணி."
இதுகூடத் தெரியாமல் இன்ஸ்டாகிராம் பயோவில் 'தோட்டத்துப் பிள்ளை' என்று போட்டுக்கொள்கிறேன். தூ.

மார்ச் 13
மயிலம்மாள் வரிசையிலேயே விழுந்துவிட்டார். உடம்பு கொதித்தது. காலையில் மோகனா கேட்டதற்கு, "காச்சலா? எனக்கா?" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாராம். பேரை வெட்டிவிடுவார்கள் என்று மறைத்திருக்கிறார். வெட்டுவது யார்? நான்தான். கையில் டேப்லட்டோடு நின்ற நான்.

மணியை எடுத்துவிடலாம் என்றேன். குணாளன் சொன்னார்:
"என்னா ஷாமினி, இதான் பெஸ்ட்டுலா. ஒரு அடி, எல்லாம் தானா லைன்ல நிக்குதுங்க. ஆள கொறச்சிரலாம். அடுத்து செண்டாயான்ல நீ செய்யப்போற நம்ம இன்னொரு இல்லத்துக்கும் ஒண்ணு மாட்டு."
வெள்ளைக்காரத் துரைகூட இந்த வயதில் அவர்களை நிற்க வைத்ததில்லை. நான் டிசைன் பண்ணிக் கொடுத்திருக்கிறேன். அங்கேயே கத்தியிருக்க வேண்டாமா? "சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். சரி சாராம்!

மார்ச் 17
கழற்றிவிட்டேன். பட்டப்பகலில், ஏணி போட்டு. குணாளன் கத்தினார். செண்டாயான் வேலை போச்சு. இரும்பு காரின் பின்பெட்டியில் கிடக்கிறது. வளைவுக்கு வளைவு இடிக்கிறது.

மார்ச் 20
மோகனா என்னைப் பின்வாசல் வழியாக உள்ளே விட்டார். மயிலம்மாளுக்குக் காய்ச்சல் விட்டிருக்கிறது. மணி இல்லை, ஆனாலும் தேநீர் வேளைக்கு எழுந்து போய்ச் சுவரோரம் தனியாக நின்றார்.
"கிராணியம்மா, மணி அடிக்கலியே. வேலை இல்லியா?"
நான் கிராணி இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.
"இன்னிக்கு லீவும்மா."
"பேரு?"
"முழுப் பேரு."
நம்பவில்லை. "எங்க, காட்டு."
கையைப் பிடித்து அவர் அறைக் கதவுக்குக் கூட்டிப்போனேன். என் பெரிய எழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். கடைசி 'ள்' வரை. பிறகு உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்து, தேத்தண்ணி கேட்டார்.