மஞ்சள் கட்டிய பன்னிரண்டு பேர்

காஜா பெராங்,
மலாக்கா.
18.6.1961

அன்புள்ள அத்தானுக்கு,

மல்லிகாவின் வணக்கம். லண்டன் குளிரில் கம்பளிச் சட்டை போடுகிறீர்களா, அல்லது பெட்டியிலேயே வைத்திருக்கிறீர்களா? இங்கே வெயிலுக்குக் குறைவில்லை.

உங்கள் கடிதம் கிடைத்தது. காஜா பெராங்கில் திருமணமான தமிழ்ப் பெண்களிடம் காசநோய் இல்லவே இல்லை, இதை அடுத்த மாதம் பேராசிரியர்கள் முன்னால் வாசிக்கப் போகிறேன் என்று சந்தோஷமாக எழுதியிருந்தீர்கள். படித்ததும் சிரிப்பு வந்தது. பிறகு பயம் வந்தது. அத்தான், அந்தக் கட்டுரையை வாசித்துவிடாதீர்கள். கணக்கு தப்பு.

போன வருடம் எக்ஸ்ரே வேன் வந்தபோது இருநூற்றுப் பதினான்கு பெண்களில் முப்பத்தொரு பேர்தான் படம் எடுத்தார்கள். மற்றவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தீர்கள். எல்லாரும் வேன் வரைக்கும் வந்தவர்கள்தான். கழுத்தில் இருப்பதைக் கழற்றச் சொன்னதும் தாலியைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்கள். இதை எந்த ஆம்பளையிடமும் யாரும் சொல்லவில்லை.

நானும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்பீர்கள். பேர் எழுதும் நோட்டு என் கையில்தானே இருந்தது? என் பேருக்கு நேரே 'எடுத்தாயிற்று' என்று நானே எழுதிக்கொண்டேன். நீங்கள் மூன்று கடல் தாண்டிப் போகிற நேரத்தில் தாலியைக் கழற்ற எனக்கு மனசு வரவில்லை. என் படத்தைக் காணோம் என்று படம் எடுக்கும் ஹாஜா பாயை நீங்கள் கடிந்துகொண்டபோதும் வாயைத் திறக்கவில்லை. முப்பத்தொன்றை முப்பது என்று திருத்துங்கள். என்னை அப்புறம் திட்டிக்கொள்ளலாம்.

போன வாரம் வேன் மறுபடி வந்து மாரியம்மன் கோயில் முன்னால் நின்றது. பக்கத்து வீட்டு அஞ்சலையைக் கூப்பிடப் போனேன். மூன்று மாதமாக இருமுகிறாள், கைக்குழந்தை வேறு. அவள் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "டாக்டர் வீட்டம்மாவே அன்னைக்குக் கழட்டல. நான் பின்னாடிதான் நின்னேன், பார்த்தேன். எங்களை மட்டும் கழட்டச் சொல்றீங்களே?"

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து அழுதேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. தாலியைப் பத்தரிடம் பழுது பார்க்கக் கொடுத்தால் நாம் என்ன செய்கிறோம்? மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொள்வதில்லையா? உடனே ஜாலான் பெண்டஹாராத் தெருவில் கருணாகரன் மளிகைக் கடைக்குப் போய் ஒரு கட்டுக் கயிறும் இரண்டு ராத்தல் கிழங்கும் வாங்கி வந்தேன்.

எல்லாரும் பார்க்க முதலில் மஞ்சளைக் கட்டினேன். பிறகுதான் தங்கத்தைக் கழற்றினேன். நேரே போய் மெஷின் முன்னால் நின்றேன். ஹாஜா பாயிடம் பழைய பொய்யையும் சொல்லிவிட்டேன். அதற்கென்னம்மா, மூச்சை அடக்கி நில்லுங்கள் என்றார். படத்தில் மஞ்சளின் நிழல்கூட விழவில்லை.

அடுத்து வந்தவள் அஞ்சலை. அவள் பின்னால் பூங்காவனம். அப்புறம் ஒரு கோயில் திருவிழாவேதான் போங்கள்! பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்தவர்கள்கூட உண்டு. இரண்டாம் நாளே கிழங்கு தீர்ந்து, கருணாகரன் தானே சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்தார். மூன்று நாளில் நூற்றுத் தொண்ணூற்றாறு பேர், அத்தான்! நோட்டைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பன்னிரண்டு பேருக்கு நுரையீரலில் நிழல் இருக்கிறது. பொன்னுதுரை டாக்டர் எல்லாருக்கும் ஊசியும் மாத்திரையும் தொடங்கிவிட்டார். அஞ்சலைக்குத்தான் சற்று அதிகம். ஆனால் தப்பித்துவிடுவாள் என்கிறார். குழந்தைக்கு ஒன்றும் இல்லை. டாக்டர் கையெழுத்துப் போட்ட கணக்கை இத்துடன் வைத்திருக்கிறேன். அதை வாசியுங்கள். தப்பை நாமே கண்டுபிடித்தோம் என்று தலை நிமிர்ந்து சொல்லுங்கள்.

இன்னொன்று. பட்டியலில் நான்காவது பேரைப் பார்த்ததும் பதறக் கூடாது. வலது பக்கம் மேலே, நகத்தளவு நிழல்தான். இருமல்கூட இல்லை. மெஷின் முன்னால் நின்றிருக்காவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. தினமும் காலையில் நானும் அஞ்சலையும் சேர்ந்தே ஊசிக்குப் போகிறோம். வழியெல்லாம் அவள் வாய் ஓயாது. எனக்கு ஒரு குறையும் இல்லை.

பாதியில் போட்டுவிட்டு ஓடி வராதீர்கள். வாசித்து முடித்துவிட்டுக் கப்பல் ஏறுங்கள். தங்கம் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. மற்ற பெண்கள் எல்லாரும் அன்றைக்கே மாற்றிக்கொண்டார்கள். என்னுடையதை நீங்கள் வந்து உங்கள் கையால் கட்ட வேண்டும். அதுவரை எனக்கு இந்த மஞ்சள் போதும்.

அம்மன் துணையோடு நலமாக வந்து சேருங்கள்.

உங்கள்
மல்லிகா