வலதுபக்க விளக்கு

2008 மார்ச் 8, சனி

சென்ற கிழமை வாங்கிய பழைய காரில், வலதுபக்க முன்விளக்கு மட்டும் ஏன் மஞ்சளாக மங்கியிருக்கிறது? மடவளையில் கராஜ் வைத்திருக்கும் நானாவிடம் கேட்டேன். ஈரச் சாண்ட் பேப்பரால் தேய்த்தபடி சொன்னார்: "வெயில் பட்ட மங்கல். கார் ரெண்டு வருஷமாச்சும் ஒரே இடத்துல நின்டிருக்கும். மேலால பூச்சு அடிச்சித் தாறேன், இனி நிழல்ல வைங்க."

காரை விற்ற, இங்கே குடியிருக்கும் யாழ்ப்பாணத்து ரீச்சரிடம் பத்திரம் வாங்க மாலையில் போனபோது விசாரித்தேன்.

"ஓம், எங்கட கூரை ஒரு பக்கத்தைத்தான் மறைக்கும். என்ர மனுசன் பஸ்ஸில கொழும்புக்குப் போனவர், திரும்பி வரேல்லை. வந்து எடுப்பாரெண்டு காரை நான் அசைக்க விடேல்லை."

பிறகு ஏன் இப்போது விற்றார்? பத்திரத்தை வாங்கிக்கொண்டு காரில் ஏறினேன். ரீச்சர் வாசல் படலையில் நின்று காரையே பார்த்தார். வளைவு திரும்பும்வரை மெதுவாகவே ஓட்டினேன்.