குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன்

அக்கா,

இன்று காலை எங்கள் மாடி நடையில் உள்ளியும் வினாகிரியும் சேர்ந்து வேகும் மணம் வந்தது. எதிர்க் கதவில் புதிதாகக் குடிவந்திருக்கும் பிலிப்பினோக் குடும்பம் சமைக்கிறது. வேலைக்கு வெளிக்கிட்ட நான் சப்பாத்தைக் கட்டாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன். நான் வேலை செய்யும் அச்சகத்துக்கு நீங்கள் கொண்டுவரும் சாப்பாட்டுப் பெட்டியின் மணம் அது.

உங்களுக்குத் தமிழ் தெரியாது. இருவரும் தெரிந்த ஆங்கிலத்தை வைத்துத்தான் கதைத்தோம். ஆனாலும் "அக்கா" என்று கூப்பிட்டால் மட்டுமே திரும்பிப் பார்ப்பீர்கள். என்னைத் "தங்காச்சி" என்று நீட்டிக் கூப்பிடுவீர்கள். ஆகவே இதைத் தமிழிலேயே எழுதுகிறேன்.

மணிலாவில் குற்ற வழக்குகள் பேசிய சட்டத்தரணி நீங்கள். இங்கே வந்த பிறகு ஒரு சட்ட உதவி நிலையத்தில் வேலை செய்துகொண்டு, பிலிப்பினோப் பத்திரிகை ஒன்றில் மாதாமாதம் சட்டம் பற்றி எழுதினீர்கள். அந்தப் பத்திரிகைக்குப் பக்கம் அமைப்பது என் வேலை. அச்சுக்குப் போகுமுன் வந்து, என் கதிரைக்குப் பக்கத்தில் இருந்து, எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டுவீர்கள். நான் முகத்தைச் சுருக்கினால் அந்த வசனத்தை வெட்டிவிடுவீர்கள். "உனக்கு விளங்காவிட்டால், பன்னிரண்டு மணித்தியாலம் முதியவரைப் பராமரித்துவிட்டு பஸ்ஸில் வாசிக்கிறவளுக்கு எப்படி விளங்கும்?" என்பீர்கள்.

நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு வீட்டில் வேலை செய்த பெண்ணைப் பற்றி ஒருமுறை எழுதினீர்கள். மோதிரத்தைக் காணவில்லை என்று வீட்டுக்காரர் முறையிட, அவள் பொலிஸாருக்குப் பணிவாக எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போயிருக்கிறாள். பதில் சொல்லாவிட்டால் மரியாதைக் குறைவு என்று நினைத்தாளாம். "பெயரைச் சொல், சட்டத்தரணியோடு கதைக்க வேண்டும் என்று சொல், பிறகு அமைதியாக இரு. அமைதி அவமரியாதை இல்லை" என்று முடித்திருந்தீர்கள். அந்தப் பக்கத்தை அமைத்தபோது, அது என் வீட்டுக்கும் வரப்போகிற கதை என்று எனக்குத் தெரியாது.

அடுத்த மாரியில் வந்தது. லாசாலில் எங்கள் வீட்டடியில் நின்ற வாகனத்துக்குப் பின்னால் பக்கத்து வீட்டுக்காரர் பனியை அள்ளிக் கொட்டிவிட்டார். வாய்த்தர்க்கம் முற்றி என் கணவர் அவரைத் தள்ள, அவர் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. பொலிஸார் வந்து கூட்டிப்போய், அந்த மனிதரோடு எந்தத் தொடர்பும் வைக்கக்கூடாது என்ற நிபந்தனையில் விட்டார்கள். அடுத்த நாளே கணவர் ஒரு பெட்டி இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தார்.

"நான் போய் மன்னிப்புக் கேக்கப் போறன். மனிசன் நல்ல ஆள்."

நான் உங்களுக்குப் போன் எடுத்தேன். நீங்கள் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "கதவைத் தட்டவே வேண்டாம். மன்னிப்புக் கேட்கப் போனாலும் நிபந்தனையை மீறியதுதான். அது இன்னொரு குற்றம். அவருடைய நல்ல மனசைச் சட்டத்தரணி மூலம் சொல்லச் சொல்."

இனிப்பைப் பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்து பிறகுதான் வந்தது. வழக்கு இழுபட்டது, தவணைக்குத் தவணை வேலையில் லீவு. ஒருநாள் கணவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "தள்ளினது நான்தானே. ஓம் எண்டு ஒத்துக்கொண்டு முடிச்சுப்போட்டு வாறன். தண்டப்பணம் கட்டினால் சரி."

அந்த ஞாயிறு நீங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். புற்றுநோய்க்கு மருந்து தொடங்கியிருந்த நேரம். தலையில் நீலத் துணி கட்டியிருந்தீர்கள். அவருக்கு முன்னால் இருந்து ஒரேயொரு கேள்வி கேட்டீர்கள்.

"நீங்கள் இந்த நாட்டுப் பிரஜையா?"

"இன்னும் இல்லை. நிரந்தர வதிவிடம்தான்."

"உங்கள் சட்டத்தரணிக்கு அது தெரியுமா?"

அவர் என்னைப் பார்த்தார். அப்படி ஒரு கேள்வி இருப்பதே எங்களுக்குத் தெரியாது. நீங்கள் ஆறுதலாக விளக்கினீர்கள்: ஒருவருக்குக் காயம் ஏற்படுத்திய குற்றத்தை ஒப்புக்கொண்டால், சிறைக்குப் போகாவிட்டாலும், இங்கே இருக்கிற உரிமையே கேள்விக்குள்ளாகலாம். தண்டப்பணத்தோடு முடிந்தது என்று நம்பி வீட்டுக்குப் போன எத்தனையோ பேர் பிறகு உங்களிடம் வந்து அழுதிருக்கிறார்கள். "ஒப்புக்கொள், ஒப்புக்கொள்ளாதே என்று சொல்ல, இங்கே சட்டத்தரணியாகப் பதியாத எனக்கு உரிமை இல்லை. முதலில் உங்கள் சட்டத்தரணியிடம் கேளுங்கள். கேட்ட பிறகு முடிவெடுங்கள்."

கேட்டோம். சட்டத்தரணி பேனையைக் கீழே வைத்துவிட்டு, நல்லவேளை இப்போதாவது சொன்னீர்கள் என்றார். பிறகு அரச தரப்போடு பல தடவை பேசினார். கடைசியில், ஒரு வருடம் அமைதி காப்பதாக என் கணவர் நீதிபதி முன் உறுதி கொடுக்க, குற்றச்சாட்டைக் கைவிட்டார்கள். குற்றத் தீர்ப்பு இல்லை. நீதிமன்றப் படியில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு குளிருக்குள் நின்றார்.

நாங்கள் வீட்டுக்குப் போகவில்லை. மெட்ரோ பிடித்து நேரே உங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தோம். குரல் அடங்கிப்போயிருந்தது உங்களுக்கு. எல்லாம் முடிந்தது என்று காதருகே சொன்னேன். கண்ணைத் திறந்து கணவரைப் பார்த்து, "முடியவில்லை. ஒரு வருடம் இருக்கிறது. யாரோடும் சண்டைக்குப் போகக் கூடாது" என்றீர்கள். பிறகு சிரித்தீர்கள். அதைக் கேட்டுவிட்டுத்தான் கண்ணை மூடினீர்கள் என்பதில் எனக்கு இன்றுவரை நிம்மதி. அந்த வருடமும் நல்லபடியாகக் கழிந்தது, அக்கா. இந்த வசந்தத்தில் அவர் பிரஜையாகிவிட்டார்.

உங்கள் பத்திரிகை வேறு அச்சகத்துக்குப் போய்விட்டது. இப்போது ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குப் பக்கம் அமைக்கிறேன். போன கிழமை ஒரு செய்தி வந்தது: செயின்ட்-மிஷேலில் கைதான நம்முடைய ஆள் ஒருவரைப் பற்றி. தலைப்பிலேயே "திருடன்" என்று இருந்தது. ஆசிரியருக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, தீர்ப்பு வந்திட்டுதோ?"

"இல்லைப் பிள்ளை, நேற்றுத்தான் பிடிச்சவங்கள்."

"அப்ப இந்தச் சொல்லைப் போடேலாது."

"சரி, மாத்து" என்றார்.

"சந்தேகநபர்" என்று மாற்றினேன். அது நீளமான சொல். தலைப்பு வரியை மீறி வெளியே போனது. மற்ற எழுத்துகளைக் கொஞ்சம் சிறிதாக்கி, அந்தச் சொல் முழுதாக நிற்க இடம் செய்துவிட்டுப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பினேன்.

உங்கள்
தங்காச்சி