வேணு விழுந்த இடம்

3 பிப்ரவரி 2022, வியாழன்

எங்கள் ஹெட்மாஸ்டர் கங்கையா சாருக்கு வேறு வேலை இல்லை. இரண்டு வருஷமாகப் பள்ளிக்கூடம் பாதி நாள் மூடிக் கிடந்ததில் பிள்ளைகளுக்கு எழுத்தே மறந்துவிட்டது. அதற்குள் பட்டிமன்றம் நடத்துங்கள் டீச்சர் என்கிறார். தலைப்பைப் பிள்ளைகளே எடுக்கட்டுமாம். எடுத்தார்கள்: சினிமாவும் வீடியோ கேமும் கலையா?

ஒன்பதாம் வகுப்பு பிரியங்கா நன்றாகத்தான் பேசினாள். "சினிமா கலை டீச்சர். கேம் ஜெயிக்கிறதுக்கு ஆடறது. ஜெயிக்கிறதுக்கு ஆடறது எப்டி கலையாவும்?" பவன்குமார் எழுந்து, "சினிமா மட்டும் இன்னா, வசூலுக்குத்தான எடுக்கறான்?" என்றான். வகுப்பே கைதட்டியது.

தீர்ப்பை நாளைக்குச் சொல்கிறேன் என்று மணி அடிக்கும் முன்பே வெளியே வந்துவிட்டேன். இவர்களுக்கு என்ன தெரியும்? என் வீட்டுக்காரர் வேணு ஐதராபாத்தில் அப்படி ஒரு கேமுக்காகத்தான் கூலிக்குக் குதித்துக்கொண்டிருந்தார். போன மே மாதம் திருப்பதி ஆஸ்பத்திரியில் கொரோனா வார்டில் இறந்துபோனார்.

4 பிப்ரவரி

தீர்ப்பு சொல்லவில்லை. இலக்கணம் நடத்தினேன்.

6 பிப்ரவரி, ஞாயிறு

மகள் சந்தியா திருப்பதி ஹாஸ்டலிலிருந்து வந்திருக்கிறாள். சாப்பிட்ட கையோடு போனை நீட்டினாள். "அம்மா, நைனா வேல செஞ்ச கேம் வந்துடுச்சி. பாக்கறியா?"

பார்க்க மாட்டேன் என்றுதான் சொன்னேன். பிறகு பார்த்தேன்.

அவர் வேலையை எனக்கே புரிய வைக்க அவருக்கு ஒரு வாரம் பிடித்தது. உடம்பெல்லாம் சின்னச் சின்ன உருண்டை ஒட்டிய கறுப்பு உடுப்பு மாட்டிவிடுவார்கள். சுற்றிலும் கேமரா. நடக்கச் சொல்வார்கள், ஓடச் சொல்வார்கள், கத்தி வீசச் சொல்வார்கள். எடுத்துக்கொள்வது அசைவை மட்டும்தான். முகம் கம்ப்யூட்டரில் வரைவது, குரல் வேறு யாருடையதோ.

போனில் ஒரு ராஜகுமாரன் வந்தான். சிவப்புத் தோல், அகன்ற மார்பு, தலையில் கிரீடம். தெலுங்கில் சிங்கம் மாதிரி பேசினான். இவனா என் புருஷன் என்று சிரிப்புதான் வந்தது. பிறகு சந்தியா விரலை எடுத்தாள். ராஜகுமாரன் சும்மா நின்றான். நின்றவன் இடது தோளைக் கொஞ்சம் இறக்கி, புறங்கையால் பிடரியைத் துடைத்தான்.

இருபது வருஷம் பார்த்த புறங்கை. பஸ்ஸுக்கு நிற்கும்போது, கல்யாண வீட்டுப் பந்தியில் நிற்கும்போது, என் அப்பாவிடம் பெண் கேட்டு வந்து வாசலில் நின்றபோதும் அப்படித்தான் துடைத்தார்.

சந்தியாவும் நானும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

7 பிப்ரவரி

முகம் இல்லை, குரல் இல்லை. இல்லாவிட்டால் போகட்டும். நடை இருக்கிறது.

20 பிப்ரவரி, ஞாயிறு

பிள்ளைகள் கையிலிருந்து போனைப் பிடுங்குகிற டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு வந்து கேம் ஆடுகிறேன். வெளியே தெரிந்தால் மானம் போகும்.

ஆடத் தெரியவில்லை. கட்டை விரல் சொன்னபடி கேட்பதில்லை. நடக்க வைக்கப் போனால் பாறையில் முட்டிக்கொள்கிறார், சண்டைக்காரன் வந்தால் எந்தப் பட்டன் என்று தேடுகிறேன், அதற்குள் விழுந்துவிடுகிறார். என் கையாலேயே எத்தனை தடவை! இப்போது சண்டைக்கே போவதில்லை. ஆள் இல்லாத பாதையில் சும்மா நடத்திக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

ஐதராபாத்திலிருந்து முதல் தடவை வந்தபோது கேட்டேன், கலைஞன் ஆயிட்டீங்க போல என்று. தடா ஸ்டேஷனில் இறங்கி வந்த களைப்பில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். "இன்னா பெரிய கலை? குதிச்சேன், உழுந்தேன், சோறு போட்டாங்கோ. கூத்துதான் கலை. இது கூலி." அவரே அப்படிச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் யாரிடம் போய் வாதாட?

ஆனால் கூத்தில் அவருக்கு என்ன கொடுத்தார்கள்? பாடக் குரல் இல்லை என்று கூத்துக் குழு நடத்தும் முனிசாமி வாத்தியார் கடைசி வரைக்கும் சிப்பாய் வேஷம்தான் கொடுத்தார். வந்து நிற்பது, அடிபட்டு விழுவது. பதினைந்து வருஷம் விழுந்தார். அந்த விழுகிற அழகைப் பார்த்துத்தான் ஐதராபாத்காரர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள்.

13 மார்ச், ஞாயிறு

சித்திரையில் முதல் வருஷத் திதி. போன வருஷம் பதினாறாம் நாள் காரியத்துக்குக் கூத்து வைக்க முடியவில்லை. ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருந்தது. அதையும் சேர்த்துத் திதிக்கு வைக்கலாம் என்று முனிசாமி வாத்தியார் வீட்டுக்குப் போனேன். அவர் ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், ஒருவர் இறந்துபோனால் படையலில் போட்டோவுக்கு முன்னால் அவர் கட்டிய வேஷச் சாமானை வைப்பது வழக்கம். கிரீடம் வையுங்கள் என்று கேட்டேன்.

வாத்தியார் வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே சொன்னார். "கூத்து ஆடறோம்மா, அது எங்க கடமை. கிரீடம் எப்டி வெக்கிறது? வேணு ஒரு நாளு கூட ராஜா வேஷம் கட்னது இல்ல. அதுவும் இல்லாம ஜமாவ உட்டுட்டுப் போனவன்."

"அங்க ராஜாவாத்தான் ஆடியிருக்காரு" என்றேன்.

"யாரு எதிர்ல? மிஷினு எதிர்ல. ஜனம் இல்லாம ஆடறது ஆட்டமாம்மா?"

பதில் வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது. வந்து என்ன பிரயோசனம்.

14 மார்ச்

சினிமாக்காரனும்தான் மிஷின் முன்னால் நடிக்கிறான். அவனுக்கு மட்டும் மாலை போடலாமா?

5 ஏப்ரல், செவ்வாய்

ஆந்திராவில் மாவட்டங்களைப் பிரித்ததில் நேற்றிலிருந்து நாங்கள் சித்தூர் மாவட்டம் இல்லையாம், திருப்பதி மாவட்டமாம். ஸ்டாஃப் ரூமில் ஒரே பேச்சு. எனக்குத் திருப்பதி என்றாலே அந்த ஆஸ்பத்திரி கேட்தான்.

அவரோடு ஆம்புலன்சில் போனது அவர் அண்ணன் அப்பாவு மாமா. கேட்டோடு நிறுத்திவிட்டார்கள். நாலு நாள் கேட்டுக்கு எதிரில் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். கடைசியில் வெள்ளையாகக் கட்டிய ஒன்றைத் தூரத்தில் காட்டினார்கள், அங்கேயே எரித்தார்கள். முகம் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை, சந்தியாவும் பார்க்கவில்லை. அவர்தானா அது? அவர்தானா என்று யாரைக் கேட்பது?

மாமா அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசினதில்லை, அழுததும் இல்லை. வேர்க்கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார், ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேன் டூட்டிக்குப் போகிறார், வருகிறார். துக்கம் கேட்டுக்கூட யாரும் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. பயம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் குறை இருக்கிறது.

24 ஏப்ரல், ஞாயிறு

முடிவு செய்துவிட்டேன். கிரீடம் கொடுக்காவிட்டால் போகட்டும். அவர் கிரீடம் வைத்து ஆடியது என்னிடம் இருக்கிறது. படையலில் போட்டோவுக்குப் பக்கத்தில் டிவியை வைத்து, போனிலிருந்து அதில் வர வைக்கலாம் என்று சந்தியா சொல்கிறாள். சண்டை இல்லாத இடத்தில் சும்மா நிறுத்தி வைப்போம். அவர் செய்த வேலை, அவருக்கு முன்னால். ஊர் பார்க்கட்டும்.

மாமாவிடம் சொன்னேன். அவர் இவ்வளவு சத்தம் போட்டு நான் கேட்டதில்லை.

"செத்தவனுக்குப் படைக்கிற எடத்துல பொம்ம ஆட்டமா? படிச்சவதான நீ?"

"கூத்து ஆடலாம், இது ஆகாதா மாமா?"

"கூத்து அவனுக்கோசரம் ஆடறது. இது சின்னப் பசங்க பொழுதுபோவலன்னு ஆடறது. அவன வெச்சி வெளயாடாத."

நான் விளையாடுகிறேனாம். நானா? எனக்குன்னு வேற இன்னா இருக்குது? சட்டை துணிமணி எல்லாம் அன்னிக்கே கொளுத்திட்டாங்களே, நோவு ஒட்டிக்கும்னு.

25 ஏப்ரல்

வைக்கத்தான் போகிறேன்.

2 மே, திங்கள்

நேற்று திதி. இன்றுதான் எழுத முடிகிறது.

மத்தியானம் இலை போட்டு, வடை பாயசம் எல்லாம் வைத்தாயிற்று. போட்டோவுக்குப் பக்கத்தில் டிவி. அதில் அவர் நின்றுகொண்டிருந்தார், பிடரியைத் துடைத்துக்கொண்டு. வந்த ஜனங்கள் டிவியைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். எதிர்வீட்டு சென்னம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ராத்திரி கூத்துக்கு வந்த முனிசாமி வாத்தியாரும் ஜமாக்காரர்களும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். மாமா டிவி பக்கமே திரும்பாமல் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தார்.

கேமில் அந்த இடத்துக்குச் சண்டைக்காரர் ஒருவரும் வர மாட்டார்கள் என்று சந்தியா சொல்லியிருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் அப்பளம் எடுக்க உள்ளே போனோம். அந்தக் கொஞ்ச நேரத்தில் எங்கிருந்தோ ஒருவன் ஈட்டியோடு அவருக்குப் பின்னால் வந்துவிட்டான்.

"டேய் வேணு! பின்னால பாரு! பின்னால பாருடா!"

மாமாவின் குரல். சாம்பிராணித் தட்டைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு டிவிக்கு ஓடினார். நான் ஓடி வருவதற்குள் ஈட்டி பாய்ந்துவிட்டது.

அவர் விழுந்தார். முதலில் ஒரு முட்டி. பிறகு கையை ஊன்றி எழப் பார்ப்பது. பிறகு மெதுவாகப் பக்கவாட்டில் சாய்ந்து, முகத்தை ஜனத்துக்குக் காட்டாமல் திருப்பிக்கொள்வது. முனிசாமி வாத்தியார் எழுந்து நின்றுவிட்டார். "இது நம்ம வேணு உழறது" என்றார். ஜமாக்காரர்களும் எழுந்தார்கள்.

மாமா டிவியைக் கட்டிக்கொண்டார். "பாக்க உடலயேடா என்ன! கேட்டாண்டயே குந்திக்கினு இருந்தேனேடா! தண்ணி குடுத்தாங்களோ இல்லியோ, கூப்டியோ இல்லியோ, ஒண்ணும் தெரியலயேடா எனக்கு!" ஒரு வருஷத்து அழுகை. அந்தப் பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுதது. சிரித்த சென்னம்மாதான் முதலில் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி எடுத்தாள். பிறகு எல்லாப் பெண்களும். நான் எப்போது தரையில் விழுந்தேன் என்று தெரியவில்லை.

டிவியில் மறுபடி ஆரம்பிக்கவா என்று கேட்டுப் பட்டன் மின்னிக்கொண்டிருந்தது. அழுதுகொண்டே சந்தியா போனை எடுத்தாள். "இரு பெரிநைனா, இதோ எழுப்பிடறேன், எழுப்பிடறேன்."

மாமா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் கண்ணு. எழுப்பாத. உடு, போவட்டும்."

போனை என்னிடம் கொடுத்தாள். நான்தான் அணைத்தேன்.

3 மே

தூங்கினேன். போன மே மாதத்துக்குப் பிறகு இப்போதுதான்.

9 மே, திங்கள்

ஒரு வருஷம் தள்ளி என் வீட்டில் சாவு நடக்கிறது. தினமும் துக்கம் கேட்க ஆட்கள் வருகிறார்கள். பெண்கள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். நானும் சலிக்காமல் அழுகிறேன். முனிசாமி வாத்தியார் வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். கிரீடத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது அது வேண்டியிருக்கவில்லை.

கலையா இல்லையா? தெரியாது. பட்டிமன்றத்தில் நான் நடுவராக இருக்க லாயக்கில்லாதவள். இறந்தவரைக் கண்ணால் பார்த்து அழாத ஒரு வீடு அன்றைக்கு அழுதது. அதைச் செய்தது எதுவோ, அது விளையாட்டு இல்லை.

28 மே

சந்தியா கேட்டாள், கேம் போனில் இருக்கட்டுமா, எடுத்துவிடவா என்று. இருக்கட்டும், திறக்க வேண்டாம் என்றேன். நடக்க வைத்துப் பார்க்க வேண்டும் என்று கை பரபரக்கிறது. பொய் சொல்லக் கூடாது, தினமும் பரபரக்கிறது.

12 ஜூன், ஞாயிறு

அப்பாவு மாமா டூட்டி முடிந்து நேராக இங்கே வந்தார். காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். ஏதோ கேட்க வந்திருக்கிறார் என்று தெரிந்தது.

"ஏம்மா, அது எந்த ஊரு?"

"எது மாமா?"

"தம்பி உழுந்த எடம்."

அது ஊரே இல்லை, கம்ப்யூட்டரில் வரைந்தது என்று சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் அவரே பேசினார்.

"பக்கத்துலயே ஆறு ஓடிக்கினு இருந்திச்சி, பாத்தியா? சத்தம் கேட்டுது. நெழலு கூட இருந்திச்சி. நான் அந்த ஆஸ்பத்திரி உள்ள எப்டி இருக்குமோ எப்டி இருக்குமோன்னு..." நிறுத்திவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "நல்ல எடந்தான் இல்ல?"

"ஆமாம் மாமா, நல்ல இடம்" என்றேன்.