ஆளில்லை என்றவர்

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம். முழங்கால் வலி தேவலையா? வேங்கிக்கால் சபையில் எனக்குக் குறைவில்லை.

போன ஞாயிறு பெதஸ்தா குளத்தைப் பற்றிப் பிரசங்கித்தேன். எபிரெயத்தில் அதற்கு இரக்கத்தின் வீடு என்று பொருள். தண்ணீர் கலங்கியதும் முதலில் இறங்குகிறவருக்கே சுகம். அங்கே வருஷக்கணக்காகக் கிடந்த ஒரு நோயாளி, இறக்கிவிட ஆளில்லை என்று இயேசுவிடம் சொன்னதை வெறும் சாக்கு என்றேன்.

பௌர்ணமியன்று அடி அண்ணாமலையில், கிரிவலக் கூட்டத்துக்கு நடுவே, கால் விளங்காத சகாதேவன் தவழ்ந்து போவதற்குள் அன்னதான வண்டியில் சோறு தீர்ந்துவிட்டது.

"எப்பவும் இப்படித்தாங்க. தூக்கினு போவ ஆளு இல்ல" என்றார்.

அடுத்த வண்டிக்கு அவரை நானே தூக்கிக்கொண்டு ஓடினேன். என் வெள்ளைச் சட்டையெல்லாம் சாம்பார். சாப்பிட்டுவிட்டு, "அடுத்த பௌர்ணமிக்கு யாருங்க?" என்றார். இயேசு அந்த நோயாளியிடம் சொன்னதுபோல எழுந்து நட என்று சொல்ல நான் யார்?

இன்னொரு சட்டை அனுப்புங்கள். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன், பஸ் வருகிறது. தினமும் போன் பண்ணுங்கள், அம்மா. எனக்கும் இங்கே ஆளில்லை.

மகன்,
ஜெபசிங்