முன்னால் போன பை

மே 24, சனி

வெயில். கத்திரி முடிய இன்னும் நாலு நாள். விசிறிக் காற்றே சுடுகிறது. காலையிலிருந்து மூட்டை கட்டும் வேலை.

கொரட்டூருக்குப் போவது: சின்னக் குக்கர், தோசைக்கல், இட்லித் தட்டு, டம்ளர் நாலு (இரண்டு பேருக்கு எதற்கு நாலு?), ஊறுகாய் ஜாடி. போகாதது: கிரைண்டர், மர பீரோ, நான்?

கடைசி வார்த்தையை அடிக்கப் போனேன். இதை யார் படிக்கப் போகிறார்கள். இருக்கட்டும்.

வியாழக்கிழமை என் வீட்டுக்காரர் செ. சென்னையில், அம்பத்தூர் கம்பெனியில் சேர வேண்டும். அதனால் புதன்கிழமை ரயில். அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, முகம் சுண்டிவிட்டது.

"பொதங்கெழம வடக்க சூலம்டா. மெட்ராஸ் வடக்கதான இருக்குது?"

"கம்பெனிக்காரன் சூலம் பாத்தா வேலைக்குச் சேப்பான்?"

"அப்ப நாளைக்கே பரஸ்தானம் வச்சிடு. கடலூர்ல அக்கா வூட்ல கொண்டு போயி வையி."

போகிற நாள் சரியில்லை என்றால், முன்னாலேயே ஒரு நல்ல நேரத்தில் துணிமணி ஒன்றை வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டுமாம். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பை திரும்பி வீட்டுக்கு வரக்கூடாது. போகிற வழியில் வாங்கிக்கொள்ள வேண்டும். நம் ரயில் கடலூர் வழிதான்.

மதியம் எச்.எம். போன். "ரெண்டாந்தேதி ஸ்கூல் தெறக்குது. வரியா, இல்ல ஒன்னாங்கிளாஸுக்கு வேற ஆள் பாக்கவா?" இந்த வாரத்துக்குள் சொல்கிறேன் என்றேன். ராஜினாமாக் கடிதம் மூன்று வாரமாக இந்த டைரிக்குள்தான் மடித்துக் கிடக்கிறது.

மே 25, ஞாயிறு

அத்தை பை கட்டினார். மஞ்சள் கிழங்கு, வெற்றிலை, ஒரு பிடி அரிசி. செ.வின் நீலக்கட்டம் போட்ட சட்டை. என்னுடைய மாம்பழ மஞ்சள் பருத்திப் புடவை. சூடம் எடுக்க உள்ளே போனார்.

அந்த ஒரு நிமிடத்தில் புடவையை உருவி எடுத்துவிட்டேன். பீரோவில் விரித்த பேப்பருக்கு அடியில் திணித்தேன். ஜிப்பை இழுத்து மூடினேன். அத்தை வந்து சூடம் காட்டினார். நானும் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். திருட்டுமுழி முழித்திருப்பேன்.

புடவை போய்விட்டால் நானும் போயாச்சு. அதுதான் பயம். எட்டு வருடம் ஒன்றாம் வகுப்பு. முதல் நாள் அழுதே வாந்தி எடுத்த பிள்ளை, பொங்கலுக்குள் தன் பெயரைத் தானே எழுதும். அதை விட்டுவிட்டு கொரட்டூரில் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து என்ன செய்வேன்? வீடு வைத்துக் கொடுத்துவிட்டு ஞாயிறு திரும்பிவிடலாம் என்று ஒரு எண்ணம். செ.விடம் சொல்லவில்லை.

சாயங்காலம் செ. கடலூரிலிருந்து திரும்பினார். கையில் பலாச்சுளைப் பொட்டலம்.

"பை லேசா இருந்துச்சு."

"பருத்திப் பொடவதான."

வாய் கூசாமல் சொன்னேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

மே 26, திங்கள்

மேகம். மழை இல்லை.

அத்தை கணக்குப்படி நாங்கள் கிளம்பியாச்சு. அதனாலோ என்னவோ வீடே மிதக்கிறது. பால் பொங்கியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இந்த ஊரில் பால் காய்ச்சுகிற இவள் யார் என்றிருந்தது.

மத்தியானத் தூக்கத்தில் கனவு. எழும்பூர் ஸ்டேஷன் மாதிரி ஒரு இடம். தரையெல்லாம் தண்ணீர், கணுக்கால் அளவு. கூட்டத்தில் நீலக்கட்டச் சட்டை மட்டும் தனியாக நடந்து போகிறது. உள்ளே ஆள் இல்லை. ஒவ்வொரு பெட்டியாக நின்று எட்டிப் பார்க்கிறது. நான் கூப்பிடுகிறேன், சத்தம் வரவில்லை. என் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து ஈரத் தரையில் 'அ' எழுதுகிறார்கள்.

விழித்ததும் அழுகை. பக்கத்தில் செ. வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது. அத்தையிடம் வெங்காயம் உரித்தேன் என்று சொன்னேன்.

மே 27, செவ்வாய்

சாக்குக் கயிறு பத்தவில்லை. கீழவீதியில் வாங்கியது: கயிறு, வடாம், பேனா இரண்டு.

திரும்பும்போது ஸ்கூல் வழியாக வந்தேன். கேட் பூட்டு. புதுசாகச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். கம்பி வழியே பார்த்தால் என் வகுப்பு ஜன்னல் தெரிகிறது.

மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது செ. வந்து நின்றார். கோபுரத்து விளக்கு எரிய ஆரம்பித்த நேரம்.

"பயமா இருக்குதா மாமா?"

"இருக்காதா பின்ன? அங்க எனக்கு யாரத் தெரியும்? உன்னத்தான் தெரியும்."

துணியை மடித்துக்கொண்டே இருந்தேன். மடித்ததையே திரும்பவும் மடித்தேன்.

மே 28, புதன்

ரயிலில் எழுதுகிறேன். கையெழுத்து கோணல்.

மாம்பழ மஞ்சள் புடவைதான் கட்டியிருக்கிறேன். கிளம்பாத புடவை. அத்தை கவனிக்கவில்லை, அழுதுகொண்டிருந்தார். செ. பார்த்தார்.

பரங்கிப்பேட்டை தாண்டி உப்பங்கழி. வெள்ளைத் தண்ணீர், வெள்ளை வானம், நடுவில் ஒரு படகு.

கடலூர், திருப்பாப்புலியூர் ஸ்டேஷன். அண்ணி, செ.வின் அக்கா, ஓடி வந்து பையைக் கொடுத்தார். "பூஜ ரூம்லயே வச்சிருந்தேன். தெறக்கக்கூட இல்ல."

குற்றம் செய்தவளுக்கே வரும் அவசரம். ஜிப்பைத் திறந்தேன். மஞ்சள் கிழங்கு, காய்ந்த வெற்றிலை, அரிசி. அவ்வளவுதான். சட்டையும் இல்லை.

செ. தன் தோள்பையிலிருந்து நீலக்கட்டச் சட்டையை எடுத்து என் மடியில் வைத்தார்.

"அன்னிக்கு பஸ்லயே பாத்துட்டேன். உன்னுது இல்ல. என்னுது மட்டும் எதுக்குத் தனியாக் கெளம்பணும்? எடுத்துட்டேன்."

சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"நீ திரும்பிப் போறதுன்னாலும் போ. சொல்லிட்டுப் போ."

மூன்று நாள். தெரிந்துகொண்டே பலாச்சுளை வாங்கி வந்திருக்கிறார். தெரிந்துகொண்டே பக்கத்தில் தூங்கியிருக்கிறார்.

விசில் ஊதிவிட்டார்கள். டைரியைப் பிரித்துக் கடிதத்தை எடுத்தேன். ஜன்னல் கம்பி வழியே நீட்டினேன்.

"அண்ணி, சிதம்பரம் போறப்ப இத எங்க ஸ்கூல்ல குடுத்துடுங்க."

"என்னாது இது?"

"எச்.எம். கிட்ட குடுங்க. அவங்களுக்குத் தெரியும்."

வண்டி நகர்ந்தது. அண்ணி கடிதத்தோடேயே கையாட்டிக்கொண்டு நின்றார். நான் சட்டையில் முகம் புதைத்து அழுதேன். எதிர் சீட்டு அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். பிள்ளைகளை நினைத்து அழுதேன். இவரை நினைத்தும்தான்.

அத்தை கணக்கில் நாங்கள் ஞாயிற்றுக்கிழமையே கிளம்பியவர்கள். உண்மையில் இன்றுதான் கிளம்பினோம். சூலத்தில்.

பண்ருட்டி. பெட்டி முழுக்கப் பலா வாசனை. சுளை வாங்க செ. இறங்கியிருக்கிறார். வேண்டாம் என்றால் கேட்டால்தானே. வண்டி ஊதுகிறது. இன்னும் ஏறவில்லை.

ஏறிவிட்டார்.