பூஜ்யத்துக்கும் கீழே

வேங்கிக்கால்,
9.10.2025

அன்புள்ள கஸ்தூரி அக்காவுக்கு,

போன் செய்தால் மாமாதான் எடுக்கிறார். “அவ வேலையா இருக்கா, அப்புறம் பேசு”ன்னு வைத்துவிடுகிறார். பௌர்ணமி தவறாமல் கிரிவலம் வருகிறவர் உன்னையும் ஒருமுறை கூட்டி வரக்கூடாதா? போனில் பேச முடியாததால்தான், உங்கள் ஊருக்கு வாராவாரம் கணக்கெடுக்க வரும் தனம் அக்காவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அவர் பெண்களிடம் கேட்டு எழுதி வருவதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கணக்குப் பார்ப்பது என் வேலை. ‘கடந்த ஒரு வருடத்தில் கணவர் எத்தனை முறை அடித்தார்?’ என்று ஒரு கேள்வி. எண்தான் பதில். பதில் இல்லையென்றால் வெறுமனே விடக்கூடாது, காரணம் தெரிய வேண்டும். சொல்ல மறுத்தால் புள்ளி வைத்து ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்து. கணவர் கூடவே இருந்ததால் கேட்க முடியவில்லை என்றால் புள்ளி வைத்து ‘எச்’.

உங்கள் ஊரில் அறுபத்து நான்கு பேரில் அறுபது பேர் ஒரு அடிகூட வாங்காதவர்கள். உன்னை நினைத்து நிம்மதியாக இருந்தது. தீபாவளிக்காவது வா.

உன் அபிநயா

கீழ்பென்னாத்தூர்,
16.10.2025

அன்புத் தங்கைக்கு,

தனம் முதல்முறை கேள்வி கேட்க வந்தபோது உன் மாமா நாற்காலியை எதிரில் போட்டு உட்கார்ந்துகொண்டார். “எதுவா இருந்தாலும் என் எதிர்லயே கேளுங்கம்மா”ன்னார். தனம் வயது, பிள்ளைகள் என்று கேட்டு நோட்டை மூடிவிட்டாள். எங்கள் தெருவிலேயே ஏழு வீட்டில் இப்படித்தானாம். உன் கணக்கில் அறுபது போக மிச்சம் நாலு பேர்தானே, நாங்கள் ஏழு பேர் எங்கே? எங்களைக் கேட்காமலே நன்றாக இருக்கிறோம் என்று எழுதிவிட்டாயே. எனக்கு ஆறவில்லை.

தபாலில் எதுவும் போடாதே. அவர்தான் பிரிப்பார்.

கஸ்தூரி

வேங்கிக்கால்,
23.10.2025

அக்கா,

தப்பு என்னுடையது. ‘ஒன்றுக்கும் குறைவாக’ யார் யார் என்று கம்ப்யூட்டரிடம் கேட்டேன். இந்த மென்பொருளுக்குப் புள்ளி வைத்த எழுத்தெல்லாம் பூஜ்யத்தைவிடச் சிறியது. வாயே திறக்க முடியாதவர்களை அடி வாங்காதவர்களோடு சேர்த்துவிட்டது. பிரித்துப் பார்த்தால் உங்கள் ஊரில் மட்டும் எச் இருபத்து மூன்று. அறிக்கையைத் திருத்திவிட்டேன். என்மேலேயே ஆத்திரமாக வருகிறது.

பட்டியலில் பெயர் இருக்காது, அதனால் அதில் உன் வரி எதுவென்று எனக்குத் தெரியாது. நானே கேட்கிறேன். எத்தனை முறை அக்கா?

அபி

கீழ்பென்னாத்தூர்,
30.10.2025

அபி,

தனத்துக்குத் தண்ணீர் கொடுக்கும்போது சொம்புக்கு அடியில் வைத்து இதைத் தரப்போகிறேன். அவர் எதிரில்தான் இருப்பார்.

பதினேழு. நினைவில் இருப்பது மட்டும்.

வரும் புதன்கிழமை பௌர்ணமி. மதியமே கிரிவலத்துக்குக் கிளம்பிவிடுவார். வெளியே பூட்டிவிட்டுத்தான் போவார். பிள்ளைகளும் நானும் உள்ளே இருப்போம். பூட்டை உடைக்க ஆள் கூட்டிக்கொண்டு வா.

கஸ்தூரி